முதலில் வந்தவர்கள்

பேரிடர் மீட்பு என்று பத்திரிகைகளில் வரும் படங்களில் சீருடை தெரியும். ஆரஞ்சு நிற உடை, தலைக்கவசம், ரப்பர் படகு. என்னிடம் இருக்கும் படங்களில் பெரும்பாலும் கைலிதான் தெரிகிறது. மடித்துக் கட்டிய கைலி, தலையில் துண்டு, வெறுங்கை. 2004-இல் நாகப்பட்டினத்தில் எடுத்த படங்களும் சரி, 2015-இல் சென்னை ஜாபர்கான்பேட்டையில் எடுத்தவையும் சரி, 2023-இல் தாமிரபரணிக் கரையிலிருந்து என் பழைய மாணவர்கள் அனுப்பியவையும் சரி, முதல் நாள் படமென்றால் அதில் இருப்பவர் அந்த ஊர்க்காரர். இந்த இருபது ஆண்டுகளில் மீட்புப் பணியில் எவ்வளவோ முன்னேற்றம் வந்திருக்கிறது. முதலில் தண்ணீரில் இறங்குகிறவர் மட்டும் மாறவில்லை.

சுனாமி வந்தபோது நான் திருவாரூரில் பள்ளி ஆசிரியர். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அரையாண்டு விடுமுறை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்பதால் வேளாங்கண்ணியில் கூட்டம் நிறைந்திருந்தது. சுமத்ராவுக்கு அருகே கடலுக்கடியில் நிலம் அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.29 மணிக்கு. நாகைக் கரையில் அலை ஏறியது ஏறக்குறைய ஒன்பது மணிக்கு. நடுவில் இரண்டரை மணி நேரம் இருந்தது. ஒரு குப்பத்தைக் காலி செய்து எல்லோரும் மேற்கே நடந்துபோக அது தாராளமான நேரம். ஆனால் சொல்வதற்கு ஆளும் இல்லை, அமைப்பும் இல்லை. இந்தியப் பெருங்கடலுக்கென்று சுனாமி எச்சரிக்கை ஏற்பாடு அன்று எந்த நாட்டிடமும் கிடையாது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,065 பேர் இறந்தார்கள்.

செய்தி கேட்டு நண்பர்கள் சிலர் மோட்டார் சைக்கிளில் நாகைக்குக் கிளம்பினோம். பள்ளி ஆண்டு விழாவுக்கென்று வைத்திருந்த யாஷிகா கேமரா என் தோளில் இருந்தது. அக்கரைப்பேட்டைப் பாலத்தை ஒட்டி விசைப்படகுகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. அந்தப் படம் எல்லோரிடமும் இருக்கிறது. பத்திரிகைக்காரர்கள் அத்தனை பேரும் எடுத்தார்கள். என் ஆல்பத்தில் அதற்கு அடுத்த படத்தைத்தான் நான் அதிகம் பார்ப்பது. உடைந்த படகின் கதவளவுப் பலகை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நான்கு பேர் வருகிறார்கள். பலகையில் ஒரு கிழவி, உயிரோடு. நால்வரில் இருவர் கீச்சாங்குப்பத்து மீனவர்கள். மற்ற இருவர் நாகூரிலிருந்து வந்த முஸ்லிம் இளைஞர்கள். மீனவர்களில் ஒருவர் காலையில்தான் தன் தம்பியைப் பறிகொடுத்திருந்தார். அதை அவர் சொல்லவில்லை. கூட இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். கிழவியை வண்டியில் ஏற்றிவிட்டு, அடுத்த ஆளைத் தேடி அவர் திரும்பிப் போனார்.

ராணுவமும் கடற்படையும் வந்தன, பெரும் வேலை செய்தன. அதை மறுக்கவே முடியாது. ஆனால் அவர்கள் எத்தனை விரைந்தாலும் தொலைவிலிருந்துதானே வரவேண்டும்? தண்ணீரில் மூழ்குகிறவருக்குச் சில நிமிடங்கள்தான் கணக்கு. இடிபாட்டில் சிக்கியவருக்குச் சில மணி நேரம். அந்த நேரத்தில் அங்கே இருந்தவர்கள் குப்பத்துக்காரர்கள், பஞ்சாயத்தார், நாகூர் ஜமாத்தார், வேளாங்கண்ணி மாதா கோயிலின் ஊழியர்கள், எங்களைப் போல அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவர்கள். உயிரோடு மீட்கப்பட்டவர்களில் ஏறக்குறைய எல்லோரையும் தூக்கிய கைகள் இவர்களுடையவை.

அதற்குப் பிறகு எங்களுக்கு வந்த வேலை மீட்பு என்ற சொல்லுக்குள் அடங்காதது. உடல்களை அடக்கம் செய்தாக வேண்டும், காத்திருக்க வழியில்லை. பொக்லைன் குழி தோண்டிக்கொண்டே இருக்கும். ஆனால் யார் இவர் என்று தெரியாமல் மண்ணைத் தள்ளிவிட்டால், தேடி வருகிற அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் என்ன பதில்? கையில் கேமரா இருந்தவர்களைக் கூப்பிட்டு, அடக்கத்துக்கு முன் ஒவ்வொரு முகத்தையும் படம் எடுக்கச் சொன்னார்கள். ஒரு பையன் எங்கிருந்தோ பள்ளிக்கூடத்துச் சிலேட்டு ஒன்றைக் கொண்டுவந்தான். அதில் சாக்பீஸால் எண் எழுதி, உடலின் தோளுக்குப் பக்கத்தில் வைப்போம். நான் படம் எடுப்பேன். பக்கத்தில் ஒருவர் நோட்டில் எழுதுவார்: எண், ஆணா பெண்ணா, தோராய வயது, சேலை நிறம், கையில் பச்சை குத்தியிருந்தால் என்ன பெயர், காதில் தோடு உண்டா. முகம் உப்பிப்போன பிறகு இந்த நோட்டுதான் பேசும். முழங்கையில் பச்சை குத்திய அண்ணன் பெயரை வைத்து ஒரு பெண்ணை அவள் குடும்பத்தார் அடையாளம் கண்டதை நான் நேரில் பார்த்தேன்.

நாகூர் தர்காவுக்குச் சொந்தமான நிலத்தில் மதம் பார்க்காமல் அடக்கம் நடந்தது. கையுறை இல்லாத நேரத்தில் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு தூக்கினார்கள். பிளீச்சிங் பவுடர் நெடி ஒட்டிய உடம்போடு அதே ஆட்கள் மாலையில் சோற்று அண்டாவைக் கிளறினார்கள். இதற்கெல்லாம் என்னிடம் படம் இல்லை. ஃபிலிம் ரோலில் முப்பத்தாறுதான் வரும். அதை முகங்களுக்கு வைத்திருந்தேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு தாய் என்னைத் தேடித் திருவாரூருக்கே வந்தார். அவருடைய ஐந்து வயது மகள் எங்கள் நோட்டில் ஓர் எண். கடல் வீட்டைக் கொண்டுபோனபோது கல்யாண ஆல்பம், பிள்ளையின் பிறந்தநாள் படம், ரேஷன் கார்டு எல்லாம் சேர்ந்தே போய்விட்டன. உலகத்தில் அந்தக் குழந்தைக்கு மிஞ்சியிருந்த ஒரே படம் நான் சிலேட்டு வைத்து எடுத்ததுதான். “சார், அந்தப் படத்துல ஒண்ணு குடுங்க” என்றார். எங்கள் ஊர் ஸ்டுடியோக்காரரிடம் போனோம். அவர் எண்ணையும் மண்ணையும் விலக்கி, முகத்தை மட்டும் பெரிதாக்கி, மூடிய கண்களைத் திறந்திருப்பதுபோல் தூரிகையால் வரைந்து, மேக்ஸி சைஸில் போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அந்தத் தாய் படத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு பேருந்து ஏறினார். அதன் பிறகு, யாருக்காக எடுக்கிறோம் என்று தெரியாமல் நான் எந்தப் பேரிடரிலும் கேமராவைத் தூக்கியதில்லை.

நாகையிலிருந்து இந்த நாடு பாடம் படித்தது என்பதையும் மனதாரச் சொல்ல வேண்டும். 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. 2006-இல் தேசியப் பேரிடர் மீட்புப் படை உருவானது. அதன் நான்காவது படைப்பிரிவு நம் அரக்கோணத்தில் இருக்கிறது. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. அதன் பலனை 2012 ஏப்ரல் 11 அன்று பார்த்தோம். சுமத்ரா பக்கம் மறுபடியும் 8.6 அளவில் பெரிய நிலநடுக்கம், பிற்பகல் இரண்டு மணி தாண்டி. சில நிமிடங்களில் எச்சரிக்கை வந்துவிட்டது. நாகையில் இருந்த நண்பருக்கு நான் போன் போட்டபோது கரையோரத்துக்காரர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேற்கே நடந்துகொண்டிருந்தார்கள். நிலத்தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்த நிலநடுக்கம் அது என்பதால் அன்று பெரிய அலை எழவில்லை. எழுந்திருந்தாலும் 2004 மறுபடி நடந்திருக்காது. அந்த நிம்மதியை அன்று மாலை நான் முழுமையாக உணர்ந்தேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறியபோதும் இதே முன்னேற்றம் தெரிந்தது. 80,000 பேருக்கு மேல் முன்கூட்டியே முகாம்களுக்குப் போயிருந்தார்கள். காற்றின் வேகத்துக்கு இறப்பு குறைவு. ஆனால் அதற்கு மறுநாள் படங்களைப் பாருங்கள். டெல்டாவின் சாலைகள் முழுக்கத் தென்னையும் புளியமரமும் மின்கம்பமும் சாய்ந்து கிடக்கின்றன. திருத்துறைப்பூண்டியிலிருந்து தெற்கே போகும் சாலையில் ஆம்புலன்ஸ் போக வழி வெட்டிக்கொண்டிருப்பவர்கள் அந்தந்த ஊர் விவசாயிகள். தாங்கள் வளர்த்த மரத்தைத் தாங்களே அரிவாளால் வெட்டி ஒதுக்குகிறார்கள். கூரை போன வீட்டை அப்படியே விட்டுவிட்டுத்தான் சாலைக்கு வந்திருக்கிறார்கள்.

நடுவில் 2015. ஓய்வு பெற்று, சென்னை அசோக் நகரில் மகன் வீட்டில் இருந்தேன். டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அதோடு மற்ற ஏரிகளின் உபரி நீரும் அடையாற்றில் சேர்ந்தது. இரவோடு இரவாக ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஈக்காட்டுத்தாங்கல் எல்லாம் தண்ணீருக்குள் போயின. மின்சாரம் இல்லை. செல்போன் கோபுரங்களும் ஒவ்வொன்றாக அணைந்தன.

அன்று வந்தவர்கள் காசிமேட்டிலிருந்தும் நொச்சிக்குப்பத்திலிருந்தும் பட்டினப்பாக்கத்திலிருந்தும் புறப்பட்ட மீனவர்கள். கடலில் மிதக்க வேண்டிய ஃபைபர் படகுகள் லாரியில் ஏறி நகரத்துக்குள் வந்தன. ஜாபர்கான்பேட்டையில் ஒரு படகில் கைகொடுக்க நானும் ஏறினேன். கடலில் படகோட்டுவதும் தெருவில் படகோட்டுவதும் வேறு வேறு தொழில் என்று அப்போதுதான் தெரிந்தது. இன்ஜினைப் போட்டால் காற்றாடியில் துணியும் கேபிள் வயரும் சுற்றிக்கொள்ளும். அதனால் இன்ஜினைத் தூக்கி மேலே சாய்த்துவிட்டார்கள். பின்னால் ஒருவர் மூங்கில் கழியால் ஊன்றித் தள்ளுவார். முன்னால் ஒருவர் மார்பளவு தண்ணீரில் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தபடி நடப்பார். அவருடைய கால்தான் படகுக்குக் கண். தரையைத் தடவித் தடவி, இங்கே பைக் கிடக்கிறது, இங்கே பாதாளச் சாக்கடை மூடி இல்லை, இங்கே காம்பவுண்டு கேட்டின் ஈட்டிக் கம்பி என்று குரல் கொடுத்துக்கொண்டே போவார். “சார், கை காலை உள்ளே வெச்சுக்கோங்க. ஒயர் தொங்குது, தொடாதீங்க” என்பார். முதல் மாடி ஜன்னலோரம் வந்ததும், “அம்மா, மொதல்ல கொழந்தையக் குடுங்க. அப்புறம் பாட்டி. நீங்க கடைசியா எறங்குங்க” என்பார். இந்த வரிசையை அவருக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித்தரவில்லை.

அவர்கள் சென்னையின் கடலோரக் குப்பங்களில் வாழ்கிறவர்கள். 2004-இல் அதே சுனாமி அவர்கள் குப்பங்களுக்குள்ளும் புகுந்தது. பதினோரு ஆண்டுக்குப் பிறகு, தங்களை ஏறெடுத்தும் பார்க்காத அடுக்குமாடிகளின் வாசலுக்குப் படகைக் கொண்டுவந்தார்கள். மாலையில் நான் ஏறிய படகைத் திருப்பிப் போட்டுப் பார்த்தபோது அடிப்பகுதி நெடுகக் கம்பி கிழித்த கோடுகள். ஃபைபரைப் பூசிச் சரிசெய்யாமல் கடலுக்குப் போக முடியாது. போகாத நாளுக்கு வருமானம் இல்லை. படகுக்காரர் விரலால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, “காலையில வேற தெருவுக்குப் போலாம் சார்” என்றார். அந்தப் படகின் அடிப்பகுதியை நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன். படகின் பதிவெண்ணும் அதில் தெளிவாகத் தெரிகிறது. வேண்டுமென்றே அப்படி எடுத்தேன். இழப்பீடு கேட்டுப் போகும்போது அவர் கையில் ஒரு சான்று இருக்கட்டும் என்று பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் கொட்டியது நம் கணக்குக்குள் அடங்காத மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. அடியில் மண் அரித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ரயிலில் ஏறக்குறைய 800 பேர். பக்கத்துப் புதுக்குடி ஊரார், தங்கள் ஊரைச் சுற்றியும் வெள்ளம் நிற்கும்போது, இருந்த அரிசியைச் சேர்த்துக் கோயிலில் உலை வைத்து அந்தப் பயணிகளுக்குச் சோறு போட்டார்கள். ஹெலிகாப்டர் உணவுப் பொட்டலம் போட்டது, மீட்புப் படை வந்து 19-ஆம் தேதி பயணிகளை வெளியே கொண்டுவந்தது. அதுவரை பசியைத் தாங்கியது அந்த ஊரின் அரிசி. என் பழைய மாணவன் ஒருவன் அனுப்பிய படங்களில் அந்தப் பக்கத்து ஆண்கள் டிராக்டர் டியூபையும் வாழைத்தண்டையும் கட்டித் தெப்பமாக்கி ஆட்களைக் கரை சேர்க்கிறார்கள்.

அந்தப் படத்தை 2004-இன் படகுப் பலகைப் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நடுவில் 19 ஆண்டுகள். எச்சரிக்கை கைப்பேசிக்கே வருகிறது, படைப்பிரிவுகள் வந்தன, கோடிக்கணக்கில் கருவிகள் வந்தன. ஆனால் முதல் மணி நேரத்தில் தண்ணீரில் நிற்கும் அந்த மனிதனின் உடம்பில் ஓர் உயிர்காப்பு மிதவை ஏறவில்லை. அன்று பலகை, இன்று டியூப்.

இதைக் குறையாகச் சொல்வதைவிட வேலையாகச் சொல்ல விரும்புகிறேன். முதல் சில மணி நேரம் எப்போதும் ஊர்க்காரர்களுடையதுதான். எந்த நாட்டிலும் அப்படித்தான். சாலை துண்டாகிவிடும், தொலைபேசி செத்துவிடும், படை எவ்வளவு திறமையானாலும் வந்து சேர நேரமாகும். வந்த பிறகும் அவர்களுக்கு வழிகாட்ட ஊர்க்காரர் வேண்டும். எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு தாத்தா இருக்கிறார், எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி, எந்த மாடிக்குப் பின்பக்கப் படிக்கட்டு உண்டு என்பது எந்த வரைபடத்திலும் இல்லை, எதிர்வீட்டுக்காரருக்குத் தெரியும். ஆகவே முதலில் வருகிற அந்த மனிதனைத் தற்செயலாக வந்த புண்ணியவானாக நினைப்பதை விட்டுவிட்டு, மீட்புப் பணியின் முதல் படையாகக் கருதித் தயார்படுத்த வேண்டும்.

அதற்கு வழியும் இருக்கிறது. ஆப்த மித்ரா என்ற திட்டத்தில் நாடு முழுக்கப் பேரிடர் அபாயமுள்ள 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலர்களுக்குப் பயிற்சியும் கருவிப் பையும் காப்பீடும் தர ஏற்பாடு செய்தார்கள். தமிழகத்தில் முதல்நிலை மீட்பாளர்கள் என்று ஊர்தோறும் பட்டியல் வைக்கிறார்கள். நல்ல காரியம். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு மீனவக் குப்பத்துப் படகுக்காரரும், ஒவ்வொரு ஆற்றங்கரை ஊரின் டிராக்டர்காரரும் மரம் வெட்டுகிறவரும் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். படகு சேதமானால் எவ்வளவு, எத்தனை நாளில் தருவோம் என்பதை வெள்ளம் வருவதற்கு முன்பே எழுத்தில் வைக்க வேண்டும். நீச்சல் தெரிந்தவன் வெள்ளத்தில் ஆளை இழுக்கத் தெரிந்தவன் ஆகமாட்டான். மூழ்குகிறவர் பிடிக்கும் பிடியில் இருவரும் போய்விடுவார்கள். கயிற்றை எப்படி எறிவது, முதுகெலும்பு அடிபட்டவரை எப்படித் தூக்குவது, நின்றுபோன மூச்சை எப்படி மீட்பது, மின்கம்பி கிடக்கும் தண்ணீரை எப்படி அறிவது என்பதெல்லாம் சில நாளில் கற்கக்கூடியவை. கற்றுக்கொடுக்காமல் துணிச்சலை மட்டும் பாராட்டுவது நாம் அவர்களுக்குச் செய்யும் அநீதி.

படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் பழைய ஆல்பத்தில் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தேதி, இடம், இருப்பவர்களின் பெயர் எழுதியிருக்கிறேன். படகுப் பலகையைப் பிடித்த நால்வரின் பெயரும் இருக்கிறது. 2015-க்குப் பிறகு என் கைப்பேசியில் குவிந்த படங்கள் அதைவிடப் பல மடங்கு. பிறர் அனுப்பியவற்றில் யார், எந்தத் தெரு என்பது பெரும்பாலும் இல்லை. பத்தாண்டு போனால் அவை யாருக்கும் பயன்படாது. அரசு அறிக்கையில் வந்த படைகளின் பெயர் இருக்கும். பலகையைப் பிடித்தவர் பெயரும் டியூபைக் கட்டியவர் பெயரும் நாம் எழுதினால்தான் இருக்கும். காப்பாற்றப்பட்டவரின் கலங்கிய முகத்தை ஊருக்குக் காட்ட வேண்டாம். அது அவருடைய மானம். காப்பாற்றியவர் நின்ற இடத்தையும் தண்ணீர் ஏறிய சுவர்க் கோட்டையும் கையில் இருந்த கருவியையும் எடுங்கள். அடுத்த முறை எந்தத் தெருவுக்கு எத்தனை அடிக் கயிறும் எத்தனை படகும் வேண்டுமென்று அந்தப் படம்தான் சொல்லும்.

உங்களிடம் 2004, 2015, 2018, 2023 என்று எந்த ஆண்டின் மீட்புப் படம் இருந்தாலும், இன்றைக்கே எடுத்து இடமும் பெயரும் எழுதுங்கள். ஒரு பிரதியை உங்கள் ஊராட்சியிலோ பள்ளியிலோ கொடுங்கள். அந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு வார்டு உறுப்பினரிடமும் ஊராட்சித் தலைவரிடமும் போய், இவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள், மிதவையும் கயிறும் வாங்கி ஊரிலேயே வையுங்கள் என்று கேளுங்கள். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபரில் வந்துவிடுகிறது. கேட்பதை அதற்கு முன்பே கேட்க வேண்டும்.